முருகன் இல்லாத மலைக்குப் பன்னிரண்டு கிருத்திகை

மலாய் நாட்டில், குளுவாங் ஊரில் உள்ள எங்கள் மலையை மலை என்று சொன்னால் பெரிய மலைகள் கோபித்துக்கொள்ளும். காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினால் ஒன்பதரைக்கெல்லாம் இறங்கி வந்து தோசை சாப்பிடலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் ஐம்பத்து மூன்று வயது வரை மலையை விட்டுவிட்டு நேராகத் தோசைக்குப் போகிற கட்சியில் இருந்தேன்.

கட்சி மாற வைத்தது என் நெஞ்சு. வருஷக் கடைசி டுரியான் சீசனில் ஒரு மத்தியானம் அது அடைத்துக்கொண்டது. எனக்குப் பயம் வந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். வண்டியை மனைவி ஓட்ட, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் காப்புறுதிப் பத்திரம் இருக்கும் அலமாரி, காரியத்துக்குக் கூப்பிடக் கூடாத சொந்தக்காரர்கள், என் நீலச் சட்டையை என்ன செய்வது என்பது வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "டுரியான் எத்தன பழம் சாப்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். வாயு.

ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியால் காரியம் கைமீறிப் போயிருந்தது. அவள் அப்பா நெஞ்சு வலி வந்து இறந்ததும் ஐம்பத்து மூன்று வயதில்தான். நான் அதை மறந்திருந்தேன். அவள் எனக்கு அந்த வயது வந்த நாளிலிருந்தே அதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் பன்னிரண்டு கிருத்திகை, ஒன்று விடாமல், மலை ஏறி இறங்குவதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள். ஏறுவது நான்.

"வேண்டுனது நீ, ஏறுறது நானா?"

"நெஞ்சு யாருது?"

"அந்த மலையில முருகன் கோயிலே இல்லயேம்மா."

"மலை இருக்குல்ல? அவரு வந்துக்குவாரு. நீங்க ஒழுங்கா போய்ச் சேருங்க."

அடுத்தவர் காலை நம்பி வேண்டிக்கொள்கிற ஜனங்கள் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் உண்டு.

தை மாதம் முதல் கிருத்திகை. அவள் அடிவாரத்தில் வண்டிக்குள் கந்த சஷ்டிப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டாள். நான் வெறும் வயிற்றோடு ஏறினேன். இருபதாவது படியில் என் காதுக்குள் நாடி அடித்தது. இதோ வருகிறது என்று ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மரத்தில் எறும்பு. எழுபதைத் தாண்டிய சீனக் கிழவர் ஒருவர் கையில் விசிறியோடு என்னைக் கடந்து போனார். "ஸ்லோ ஸ்லோ, தம்பி," என்றார். இதைவிட எப்படி ஸ்லோவாகப் போவது என்று அவரிடம் கேட்க எனக்கு மூச்சு இல்லை.

மாசியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். பால்மரக் காட்டில் பிறந்தவன் நான். கீழே நின்று அந்தச் சருகைக் கூட்டித்தான் பழக்கம். மேலே இருந்து பார்த்தபோது செம்பனை எண்ணெய் மரங்களின் பச்சைக்கு நடுவே ரப்பர் தோட்டம் மட்டும் செங்கல் நிறத்தில் கிடந்தது. நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் இருபத்து நான்கு கிருத்திகை ஆகிவிடும்.

ஆனியில் அடிவாரத்துத் தோப்புகளில் டுரியான் விழ ஆரம்பித்தது. பாதி மலை வரைக்கும் வாசனை துரத்தி வந்தது. விரதக்காரன், அதோடு வாயுக்காரன். அந்த மாதம் என் வாழைப்பழத்தை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு, என் எதிரிலேயே உட்கார்ந்து உரித்துத் தின்றது. ஓடினால் துரத்தும் என்று யாரோ சொன்ன ஞாபகத்தில் நான் கால் மணி நேரம் சிலையாக நின்றேன். அது தின்று முடித்து எப்போதோ போய்விட்டது. நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பத்தாவது கிருத்திகை காடு எரிகிற புகைமூட்டத்தில் வந்தது. மலையையே காணவில்லை. "இன்னைக்கு வேணாம்மா, மூச்சு முட்டும்," என்றேன். அவள் இரண்டு முகக்கவசத்தை எடுத்து நீட்டினாள். ஏறினேன். முதல் திருப்பம் வரை. அங்கே ஒரு பலகை பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்து ஒன்றே முக்கால் மணி நேரம் கைத்தொலைபேசியில் மீன் பிடிக்கிற வீடியோ பார்த்துவிட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு இறங்கி வந்தேன். அவள் என் நெற்றியில் விபூதி இட்டாள். கொஞ்சம் எடுத்து என் நெஞ்சிலும் பூசினாள்.

பன்னிரண்டாவதுக்கு மழைக்காலம் வந்துவிட்டது. நான்கு நாளாக விடாத மழை. அட்டைக்கு உப்பு, குடை, பிளாஸ்டிக் சட்டை எல்லாம் கட்டிக்கொண்டு போனால், அடிவாரத்தில் சிவப்பு நாடா. வனத்துறைக்காரர் ஒருவர், மலாய்க்காரர், நாடாவுக்குப் பின்னாலிருந்து வந்தார். "தூத்துப், அங்கிள். போக்கோ தும்பாங்." மரம் சாய்ந்துவிட்டதாம், பாதை மூடியாயிற்று.

ஒரு மனிதன் இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? துள்ளிக் குதிக்க வேண்டும். நானோ திரும்பி வண்டியைப் பார்த்தேன். மனைவி மழையிலேயே வண்டியை விட்டு இறங்கி வந்து, தன் மலாயைக் கூட்டிப் பெருக்கி அவரிடம் மன்றாட ஆரம்பித்தாள். பதினோரு தடவை முடித்துவிட்டார், இன்னும் ஒன்றே ஒன்று, இன்றைக்கு விட்டால் எல்லாம் போச்சு. அவர் பாவம், தலையை ஆட்டி ஆட்டி, "தா போலே, காக்," முடியாது அக்கா, என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அழுதேவிட்டாள்.

எனக்குப் பயம். வாய் திறந்துகொண்டது.

"அழாதம்மா. எப்படியும் பத்துதான் ஆயிருக்கு."

"என்ன பத்து?"

"புகை அன்னைக்கு... முதல் திருப்பத்துல உட்கார்ந்துட்டேன்."

வனத்துறைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எங்கப்பாவும் இப்படித்தான்," என்றாள். "மருந்து சாப்பிட்டேன், சாப்பிட்டேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு." வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நான் ஓட்டினேன். ஊருக்குள் வருவதற்குள் மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியம் தயார் செய்தேன். மூன்றிலும் ஒரு ஜோக் வந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஒன்றுமில்லாமல், "தப்புதாம்மா," என்றேன்.

சமிக்ஞை விளக்கில் நின்றபோது அவள் சொன்னாள்: "அடுத்த கிருத்திகை ஒண்ணு."

"பதினொண்ணா வச்சுக்..."

"ஒண்ணு."

"சரி. ஒண்ணு."

"நானும் வர்றேன். இனிமே உங்கள நம்பி கீழ உட்கார முடியாது."

மூட்டு வலிக்காரி. மாடிப்படிக்கே முனகுகிறவள். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று எனக்கு உடனே வியர்க்க ஆரம்பித்தது. அது வேறு வகை வியர்வை. இந்த ஒரு வருஷமாக அவள் வண்டிக்குள் எதில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று கொஞ்சம் புரிந்தது.

"அந்தக் கடையில நிறுத்துங்க," என்றாள். தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் போடுகிற கறுப்பு ரப்பர் சப்பாத்து விற்கிற கடை. மலை ஏறுகிறவர்களும் அதைத்தான் வாங்குவார்கள், வழுக்காது. இரண்டு ஜோடி மாட்டிக் கழற்றிவிட்டு, மூன்றாவதைப் போட்டுக்கொண்டு கடையின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். பிறகு கடைக்காரச் சீனத் தவ்க்கேயிடம் இன்னும் ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டாள்.

"அது லூசா இருக்குமேம்மா," என்றேன்.

"மழைக்கு, உள்ள காலுறை போடணும்," என்றாள் என்னைப் பார்க்காமல். "வருஷம் பூரா ஏறணும்ல."