விளக்கைச் சுற்றி ஒரு வளையம்

என் மகள் மதுரையில் தங்கிக் கண் பரிசோதனைப் படிப்புப் படித்தாள். டாக்டர் படிப்பு இல்லை. டாக்டரிடம் போகுமுன் நோயாளியின் கண்ணைப் பார்த்து, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுச் சோதித்து, இன்ன கோளாறு இருக்கலாம் என்று எழுதிக் கொடுக்கிற படிப்பு. எண்பதுகளின் தொடக்கம் அது. இடைசெவலுக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் கரிசல்காட்டு ஊரிலிருந்து ஒரு பெண்பிள்ளை அவ்வளவு தூரம் போய்ப் படித்தது அதற்கு முன் இல்லை. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

கடைசிப் பரீட்சைக்கு முன்னால் படிப்பதற்கென்று மூன்று வாரம் விடுமுறை விட்டார்கள். பங்குனி மாதம். புஞ்சையில் பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகத்தோடு வந்து இறங்கினாள். அத்தனையும் இங்கிலீஷ். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். முதல் வருஷம் அவள் ஒரு பாடத்தில் தவறி, திரும்ப எழுதித்தான் தேறியிருந்தாள். இந்தத் தடவையும் தவறினால் படித்தது போதும், பெண் கேட்டு வந்திருக்கிற வீட்டாருக்குச் சரி என்று சொல்லிவிடுவேன் என்று அவள் அப்பா சொல்லி வைத்திருந்தார். அவர் கோபக்காரர் இல்லை. சொன்னதைச் செய்கிறவர், அவ்வளவுதான்.

அவள் படிக்கிற முறை தனி. ஒரு பக்கத்தை வாய்க்குள்ளே படிப்பாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு அதைத் தமிழில் யாருக்காவது சொல்ல வேண்டும். தடையில்லாமல் சொல்ல முடிந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். திக்கினால் திரும்பப் பக்கத்தைத் திறப்பாள். விடுதியில் கூடப் படிக்கிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களாம். வீட்டில் அதற்கு நான்தான் கிடைத்தேன். காலையில் பருத்தி எடுத்துவிட்டு வெயில் ஏறினதும் வீட்டுக்கு வந்துவிடுவேன். மத்தியானம் முழுக்கத் தீப்பெட்டிக்குக் கூடு ஒட்டுவேன். பசைக் கையோடு நான் உட்கார்ந்திருக்க, எதிரே உட்கார்ந்து அவள் சொல்லுவாள். வெயில் தணிந்த பிறகு இன்னொரு தரம் புஞ்சைக்குப் போய்வருவேன்.

முதல் வாரம் பாடம் கண்ணுக்கு வரவே இல்லை. கண்ணைப் படிக்கிறவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று நான் கேட்டேன். உடம்பில் உள்ள சீக்கெல்லாம் கண்ணில் தெரியும் என்றாள். சரி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டதுதான் தப்பாகப் போயிற்று. அவள் இருதயத்தைப் பற்றிச் சொன்ன அன்று எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. மூத்திரக்காய் பற்றிச் சொன்ன மறுநாள் இடுப்புக்கு மேலே ஒரு வலி பிடித்துக்கொண்டது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தாகம் தீராது என்று சொன்னாளா, அன்றைக்கு நான் குடித்த தண்ணீரை எண்ணிப் பார்த்துவிட்டுச் சர்க்கரை வந்துவிட்டது என்றேன். பங்குனி வெயிலில் பருத்தி எடுத்துவிட்டு வந்தவளுக்குத் தாகம் எடுக்காமல் என்ன செய்யும் என்று சிரித்தாள். அதோடு விடவில்லை. தினமும் புத்தகத்தைத் திறக்குமுன், "எம்மா, இன்னைக்கு ஒனக்கு எந்தச் சீக்கு வேணும்?" என்று கேட்க ஆரம்பித்தாள். சாப்பிட உட்கார்ந்த அவள் அப்பாவும் சேர்ந்துகொண்டார். "ஒங்கம்மாவப் பரீட்சைக்கு அனுப்பு. எழுதவே வேண்டாம். ஒவ்வொரு சீக்கா வந்து காட்டுவா."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இனிமேல் உயிர் போகிற வலி வந்தாலும் இவர்களிடம் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் வாரம் கண் வந்தது. அதில் எனக்குப் பயமே இல்லை. எங்கள் பக்கத்தில் கண் சீக்குக்குப் பஞ்சமா? கம்பு அடிக்கும்போது உமி தெறித்துப் பூ விழுந்த கண்ணும் புரை விழுந்த கண்ணும் மாலைக்கண்ணும் நான் பார்த்து வளர்ந்தவைதான். அவள் ஒரு நோயைச் சொன்னால் அது ஊரில் யாருக்கு இருக்கிறது என்று நான் சொல்லுவேன். என் கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எங்கள் வம்சத்தில் யாரும் கண்ணாடி போட்டதில்லை. எனக்கு அப்போது நாற்பத்தைந்து முடிந்திருந்தது. ஒரு பருத்தியில் ஒரு சருகு ஒட்டியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

அப்படியிருக்க, ஒருநாள் மத்தியானம் கண் அழுத்தத்தைப் பற்றிச் சொன்னாள். கண்ணுக்குள்ளே ஒரு தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்குமாம். அது வெளியே போக ஒரு மடை இருக்கிறதாம். மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கிக் கண்ணை உள்ளேயிருந்து நெரிக்குமாம். நாற்பதுக்கு மேல்தான் வருமாம். பெண்களுக்கு அதிகமாம். எரிகிற விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி வானவில் மாதிரி கலர் கலராக ஒரு வளையம் தெரியுமாம். போன பார்வை போனதுதான், எந்த டாக்டராலும் திருப்பித் தர முடியாதாம். ஒரு நாள் முந்தி வந்தாலும் அந்த அளவுக்குப் பார்வை மிச்சமாம்.

என் கை நின்றுவிட்டது. விளக்கைச் சுற்றி வளையம் எனக்குத் தெரியும். எத்தனையோ வருஷமாகத் தெரியும். சாயங்காலம் பல்பைப் போட்டதும் அதைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக ஒரு வட்டம் நிற்கும். விளக்கு என்றால் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டுகூட இருந்திருக்கிறேன்.

அவள் அடுத்த பக்கத்தைச் சொல்லத் தொடங்கினாள். பசை காய்ந்துவிட்டது, கிண்டிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். மீதியைக் கேட்கவில்லை. அன்று பொழுது சாய்ந்து பல்பைப் போட்டபோது நிமிர்ந்து பார்த்தேன். வளையம் இருந்தது.

இருதயத்துக்கும் இடுப்புக்கும் வாய் கிழியப் பேசினவள் இதற்குப் பேசவில்லை. ரோசம் ஒரு காரணம். அது பாதிதான். சொன்னால் அவள் சிரிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் பெரிய பயம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துவிடுவாள். பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஒரு நாள் போனால் அந்த அளவுக்குப் பார்வை போகும் என்று அவள் சொன்னதும் காதிலேயே இருந்தது. பரீட்சை முடிகிற வரைக்கும் போகிற பார்வை போகட்டும் என்று தீர்மானித்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அதற்குப் பிறகு யாரும் இல்லாதபோது கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகினேன். அடுப்பிலிருந்து உப்புப் பானைக்கு நாலு எட்டு. பானையிலிருந்து பின்வாசல் நிலைக்கு ஏழு எட்டு. புஞ்சையில் ஒரு செடியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். பருத்தியைக் கை கண்டுபிடித்துவிட்டது, சருகைத்தான் பிரிக்க முடியவில்லை. அடுத்த நிரையில் எடுத்துக்கொண்டிருந்தவள், என்ன மதினி, நின்றுகொண்டே தூங்குகிறீர்களா என்று கேட்டாள். தூசி விழுந்துவிட்டது என்றேன்.

கோவில்பட்டிச் சந்தைக்குப் போனபோது தகட்டில் அடித்த கண்மலர் ஒரு ஜோடி வாங்கினேன். எங்கள் பக்கத்தில் கண்ணில் கோளாறு என்றால் இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொள்வார்கள். பரீட்சை முடிந்ததும் போவதாக நேர்ந்து, காகிதத்தில் சுற்றி உளுந்துப் பானைக்குள் புதைத்து வைத்தேன்.

அவள் புறப்பட்ட அன்று பஸ் ஏறுமுன் என் முகத்தைப் பார்த்து, என்னம்மா ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டாள். சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. வெயில், வேறொன்றும் இல்லை என்று சொல்லி ஏற்றிவிட்டேன்.

எழுத்துப் பரீட்சை, பிறகு நோயாளிகளை வைத்துச் செய்து காட்டுகிற பரீட்சை எல்லாம் முடிய எட்டு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் மத்தியானம் வந்தாள். வந்தவள் முகம் கழுவினாள், தோசைக்கு ஊறப் போடுகிறேன் என்று உளுந்துப் பானைக்குள் கையை விட்டாள். நான் அப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டுத் தடுக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் காகிதத்தைப் பிரித்துவிட்டாள்.

கையில் கண்மலரோடு பின்வாசலில் வந்து நின்றாள். "யாருக்கும்மா இது?"

எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கு அது என்ன என்று விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவள் அப்பாவுக்கு என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அவரோ பக்கத்திலேயே நின்றார். "எனக்குத்தான்" என்றேன். விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, மடை அடைத்துவிட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. நான் நினைத்தபடியே ஆயிற்று. முகம் வெளிறிப்போய், "எத்தன நாளா தெரியுது? ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டாள். நீ புத்தகத்தை மூடிவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை என்றேன். அவள் அப்பா போய் மாட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்கிற வரைக்கும் அவள் என்னைக் கேள்வி கேட்டாள். தலை வலிக்கிறதா, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, கண் சிவக்கிறதா, வாந்தி வருகிறதா. எதுவும் இல்லை. விடியற்காலம் பல்பைப் போடும்போது வளையம் இருக்கிறதா என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். இருந்ததாக நினைவு இல்லை. சாயங்காலம் மட்டும்தானா என்றாள். சாயங்காலம் மட்டும்தான். அப்படியானால் புஞ்சையிலிருந்து வந்ததும் என்னென்ன செய்கிறாய், ஒன்று விடாமல் சொல் என்றாள்.

மாட்டைக் கட்டுவேன், கால் கழுவுவேன், குளிப்பேன், எண்ணெய் விடுவேன், விளக்குப் போடுவேன் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"நில்லு. எண்ணெயை எங்கன விடுவ?"

"எங்கன விடுவாக? கண்ணுலதான்."

"என்ன எண்ணெய்?"

"வெளக்கெண்ணெய். கண்ணுக்கு ஒரு சொட்டு."

பகல் முழுக்கக் கரிசல் புழுதியும் பருத்தித் தூசியும் கண்ணில் விழுகிறவர்கள் சாயங்காலம் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டால் குளிர்ச்சி. என் அம்மா விட்டாள், நான் விட்டேன். அதை ஒரு காரியமாகவே நான் எண்ணியதில்லை. தண்ணீர் குடித்தேன், மூச்சு விட்டேன் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வளையத்துக்கு வேறு காரணமும் உண்டு, கண்ணின் மேல் எண்ணெயோ பீளையோ படர்ந்திருந்தாலும் வெளிச்சம் சிதறி வளையமாகத் தெரியும், துடைத்தால் போய்விடும், அடுத்த பக்கமே அதுதான், சொன்னேனே என்றாள். நான் பசை கிண்டப் போயிருந்தேன் என்றேன்.

அன்றைக்கு எண்ணெய் விடவில்லை. நல்ல தண்ணீரில் அவளே என் கண்ணைக் கழுவி, வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தாள். பல்பைப் போட்டாள். நான் தலையை நிமிர்த்தவே பயந்துகொண்டு நின்றேன். "பாரும்மா" என்றாள். பார்த்தேன். பல்பு மட்டும் இருந்தது. சுற்றிலும் ஒன்றுமில்லை. வெறும் பல்பை அப்படி யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஆனாலும் அவள் விடவில்லை. எண்ணெய் என்று நினைத்துச் சும்மா இருந்து நாளைக்கு வேறாக இருந்தால் என்ன செய்வது என்று மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கூட்டிப் போனாள். மதுரையில் அவளுக்குப் பாடம் நடத்துகிற டாக்டரம்மா என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, கண் மரத்துப்போக மருந்து விட்டார். கையை மேலே நீட்டி என் கட்டைவிரலையே பார்க்கச் சொன்னார். சின்ன இரும்புக் கருவி ஒன்றைக் கண்ணின் மேல் நிறுத்தினார். வலிக்கவில்லை. இரண்டு கண்ணும் பார்த்து முடித்துவிட்டு, "அழுத்தம் சரியா இருக்கும்மா, ஒரு குறையும் இல்ல. எண்ணெய மட்டும் நிறுத்துங்க" என்றார். படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். எங்கள் வம்சத்தில் யாரும் போட்டதில்லை என்றேன். உங்கள் வம்சத்தில் யாரும் படித்ததில்லையோ என்று கேட்டார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

வெளியே வந்ததும் பசித்தது. பல நாளாகப் பசியே தெரியாமல் ஏதோ விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆறு இட்லி தின்றேன். அவள் இரண்டோடு நிறுத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாத்தூர் தாண்டி பஸ் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஊருக்கு வந்து ஒரு முழு நாள் ஆகிவிட்டது, பரீட்சை எப்படி எழுதினாய் என்று நானும் கேட்கவில்லை, அவள் அப்பாவும் கேட்கவில்லை.

"ஏட்டி, பரீட்ச என்னாச்சு?" என்றேன்.

"இப்பமாவது கேட்டியே" என்றாள். கண் பாடம் நன்றாக எழுதியிருக்கிறாளாம். தேறிவிடுவாளாம். உடம்புப் பாடத்தில் மட்டும் ரத்தம் எப்படி உறைகிறது என்ற கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டாளாம். மீதி எனக்குத் தெரியும். அவள் அதைச் சொன்ன அன்று அரிவாள்மணையில் என் விரல் வெட்டுப்பட்டிருந்ததால் ரத்தம் நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே கேட்டேன். சொன்னேன். கோவில்பட்டி வருகிற வரைக்கும், தப்பு வந்த இடத்தில் மட்டும் திருத்திக்கொண்டு, அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தாள்.