பெர்மிட் வாங்கிய கிட்டார் சத்தம்

1. கிட்டாரைக் காணவில்லை

கண்டியில் ஒரு பகல் கல்யாணம். யுத்த காலம், இருட்டுமுன் சனம் வீடு திரும்ப வேண்டும் என்பதால் எங்கள் பேண்டுக்குக் கிடைத்ததெல்லாம் பகல் வேலைதான். நான் மண்டபத்தின் பின்பக்கம், எல்லா வாத்தியத்தின் சத்தத்தையும் சரிக்கட்டுகிற மிக்ஸரில் நின்றேன். லீட் கிட்டார் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. கஜன் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார், விரல் ஓடுகிறது, மண்டபத்தில் கிட்டாரைக் காணவில்லை. மிக்ஸரில் அவருடைய சத்தத்தைக் கூட்டுகிற ஃபேடரை ஏற்றினேன். அடியில் ஒரு கும்மென்ற இரைச்சலும் மேலே காதைக் குத்துகிற கீச்சும்தான் வந்தன.

சாமான் ஏற்றும்போது நஸீர் பாஸ் பக்கத்தில் வந்தார். பேண்டின் சொந்தக்காரர், டிரம்ஸ் வாசிப்பவர்.

"சிவா, கிட்டார் எங்க ஈக்கி? மூணு கலியாணமா நானும் தேடுறேன்."

"ஈக்யூ எல்லாம் திருகிப் பாத்துட்டேன் பாஸ். வர மாட்டேங்குது."

"அடுத்ததும் இப்பிடின்டா வேற ஆள்தான் பாக்கணும். நல்ல புள்ள, பாவம். நான் என்ன செய்ய?"

கஜன் யாழ்ப்பாணத்துக்காரர். பாதை மூடியிருந்ததால் ஊருக்குப் போக வழியில்லை. கண்டி மஹய்யாவவில், என் வீட்டிலிருந்து மேட்டில் ஏறிப் போனால் அவருடைய வாடகை அறை. வடக்கிலிருந்து வந்தவர் பொலிஸில் பதியாமல் எங்கேயும் தங்க முடியாது. இவர் எங்களிடம் வேலை செய்கிறார் என்று பாஸ் கொடுத்த கடிதத்தை வைத்துத்தான் பொலிஸில் பதிந்திருந்தார். வேலை போனால் கடிதம் போகும், கடிதம் போனால் அறையும் போகும். பாஸுக்கும் இது தெரியும். அதனால்தான் மூன்று கல்யாணம் வரை வாய் திறக்காமல் இருந்தார்.

2. பெட்டி

முன்பு எங்களிடம் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்குகிற பெரிய வால்வ் ஆம்ப் ஒன்று இருந்தது. இரண்டு பேர் தூக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் அதன் பின்பலகையைக் கழற்றிக் காட்ட வேண்டும். கழற்றிக் கழற்றியே அதன் உயிர் போனது. அதனால் பாஸ் டிஜிட்டல் பெட்டி ஒன்று வாங்கினார். காலால் மிதிக்கிற சுவிட்சுகள், சின்னத் திரை, உள்ளே பலவகை ஆம்ப்களின் சத்தம். ஒரு வயரில் நேரே மிக்ஸருக்கு வந்துவிடும். பாரம் குறைந்தது. ஆனால் லைட்டும் நம்பரும் ஓடுகிற பெட்டியைப் பார்த்துச் சோதனைச்சாவடியில் முன்னைவிட அதிகமாகப் பயந்தார்கள். எங்களுக்கு வாய்த்தது அப்படி.

அடுத்த நாள் கஜனின் அறைக்குப் போனேன்.

"எப்பிடி செட் பண்ணுனீங்கன்னு காட்டுங்க."

ஹெட்போனைத் தந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அருமையான சத்தம். அடியில் நிறைந்த பேஸ், மேலே மினுங்குகிற ட்ரெபிள், சுற்றிலும் எதிரொலி மாதிரி ரிவேர்ப். ஆனால் வால்யூம் மிகவும் குறைவு. கூட்டப் போனேன். என் கையைப் பிடித்துவிட்டார்.

"கூட்டாதேங்கோ அண்ணை."

"ஹெட்போன்தானே? வெளிய யாருக்குக் கேக்கப் போகுது?"

"வெளிய கேக்கும் எண்டு இல்லை. கதவைத் தட்டினா எனக்குக் கேக்க வேணும்." என் கையை விட்டுவிட்டு வால்யூமை இன்னும் கொஞ்சம் குறைத்தார். "போன முறை பொலிஸ் செக்கிங்குக்கு வந்து தட்டினவங்கள். எனக்குக் கேக்கேல்லை. உள்ளுக்க ஒளிச்சிருக்கிறன் எண்டு கதவை உடைச்சிட்டாங்கள்."

கதவின் பக்கம் பார்த்தேன். தாழ்ப்பாள் புதிது.

நோய் எதுவென்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. குறைந்த சத்தத்தில் மனிதக் காது பேஸையும் ட்ரெபிளையும் சரியாகப் பிடிக்காது. அதனால் அவை இரண்டையும் ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறார். நடுவிலுள்ள மிட் தேவையில்லை என்று தோன்ற, அதை வெட்டியிருக்கிறார். மேடையில் சத்தம் கூடியதும் ஏற்றியதெல்லாம் பூதமாகிவிட்டது. அவர் ஏற்றிய பேஸை பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் விழுங்கின. கிட்டார் குடியிருக்க வேண்டிய மிட்டில் ஆளே இல்லை. இல்லாததை நான் மிக்ஸரில் எங்கேயிருந்து ஏற்றுவது? எனக்கு அலுத்துப்போயிற்று. கோபம்கூட வரவில்லை. அந்த வருடங்களில் கோபப்படவும் தெம்பு வேண்டியிருந்தது.

"கல்யாண வால்யூம்ல வச்சு செட் பண்ணணும் தம்பி."

"எங்க அண்ணை? நாங்கள் எங்க போய்ச் சத்தம் போடுறது?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

3. திருவிழா

வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கோயில் திருவிழா. ஸ்பீக்கர் கட்டுகிறவன் என் மச்சான் முருகேசு. லவுட்ஸ்பீக்கர் போட பொலிஸில் பெர்மிட் எடுத்திருந்தார்கள். தமிழன் சத்தம் போட எழுத்தில் அனுமதியிருந்த இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மத்தியானப் பூசை முடிந்து, அன்னதானமும் முடிந்து, சனம் மரநிழலில் சாய்ந்திருந்த நேரம் பெட்டியை இணைத்தோம்.

கஜன் ஒரு கோர்ட் அடித்தார். மலை திருப்பிச் சொன்னது. உடனே குனிந்து வால்யூமைக் குறைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். நான் ஏற்றினேன். அவர் குறைத்தார்.

"பெர்மிட் இருக்கு கஜன்."

"தெரியும் அண்ணை. கை கேக்குதில்லை."

கடைசியில் அவரைப் பெட்டியிலிருந்து பத்தடி தள்ளி நிற்க வைத்து நானே குனிந்தேன். ரிவேர்பை நிறுத்தினேன். சத்தத்தைக் கரகரப்பாக்குகிற கெயினைப் பாதியாக்கினேன். நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே கிடந்த இரைச்சலை வெட்டினேன், மேலே உறுத்திய ட்ரெபிளையும் வெட்டினேன். பிறகு மிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். தனியாகக் கேட்கத் தகரம் மாதிரி இருந்தது. கஜனின் முகம் சுருங்கிவிட்டது. தோட்டத் தலைவர் எழுந்து வந்தார்.

"என்னங்க தம்பி, ஒரே எடத்தையே போட்டு அரைச்சிக்கிட்டு இருக்கீங்க? சாமிக்கே தலவலி வந்துரும்."

"இன்னும் கொஞ்ச நேரந்தாங்க தலைவரே."

முருகேசு டிரம்ஸும் பேஸும் மட்டுமுள்ள ஒரு கேசட்டைப் போட்டான். அதன் மேலே கஜன் வாசித்தார். அந்தத் தகரம் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது; ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்தது. கஜன் ரோட்டைப் பார்ப்பதை மறந்து வாசித்துக்கொண்டே இருந்தார். சாய்ந்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். தலைவரும் தலைவலியைப் பற்றிப் பேசவில்லை. முடிந்ததும் கஜன் அந்த செட்டிங்கைச் சேமித்து, திரையில் 'பெர்மிட்' என்று பெயர் வைத்தார்.

அடுத்த கல்யாணத்தில் கிட்டார் கடைசி வரிசைவரை கேட்டது. பாஸ் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் பாராட்டு அவ்வளவுதான். கடிதம் கஜனிடமே இருந்தது.

இப்போது இளைஞர்கள் படுக்கையறையில் ஹெட்போனில் செய்த கிட்டார் டோனோடு, அதாவது சத்தத்தின் அமைப்போடு, வருகிறார்கள். எந்த வால்யூமில் செய்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். வாசிக்கப் போகிற சத்தத்திலேயே டோனைச் செய்யுங்கள். என் தொழில் எனக்குக் கற்றுத்தந்தது இதுதான்.

யுத்தம் முடிந்து பல வருடம் கழித்து கஜனைப் பார்க்கப் பல்லேகலவுக்குப் போனேன். சொந்த வீடு, பக்கத்தில் வேறு வீடில்லை. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே புதிய பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஹெட்போன் ஒரு காதில் மட்டும் இருந்தது.

"இப்ப யாரு வந்து தட்டப் போறாங்க கஜன்?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை," என்றார். மற்றக் காதை மூடவில்லை.