அக்காவின் வயலில் கொட்டிய மண்

குப்பை மண்ணுக்காக ஆள் மண்டை உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன். உடைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

எந்த ஊர் என்று கேட்க வேண்டாம், சொன்னால் இன்னொரு கேஸ் வரும். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நகராட்சி என்பது போதும். அதன் எல்லையில் பல வருஷத்துக் குப்பை மேடாகிக் கிடந்தது. அதை அகற்றி நிலத்தைச் சுத்தம் செய்து, அங்கே வாரச்சந்தை வளாகம் கட்டுவதற்கு நிதி வந்தது. டெண்டர் எடுத்த காண்ட்ராக்டரிடம் நான் சைட் சூப்பர்வைசர். டிப்ளமோ படித்திருக்கிறேன், ஆனால் அவர் என்னை எடுத்தது என் கைக்காக. நான் யோசிக்காமல் அடிப்பேன் என்று அந்த வட்டாரத்தில் பேர் வாங்கியிருந்தேன். குப்பைமேட்டு வேலைக்கு அப்படி ஒருத்தன் வேண்டும் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

வேலை இதுதான். குப்பையைக் கிளறிக் காயவைத்து, சுழலும் சல்லடையில் விட்டால் மூன்றாகப் பிரியும். பிளாஸ்டிக், சிமெண்ட் ஆலையில் எரிக்கப் போகும். கல்லும் செங்கல்லும் பள்ளம் நிரப்பப் போகும். மிஞ்சுகிற மண்ணை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. கொடுத்த ஒவ்வொரு லோடுக்கும், ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று விவசாயி கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அந்தக் கடிதங்கள் எல்லாம் சேர்ந்தால்தான் நிலம் சுத்தமானதாகக் கணக்கு, கடைசித் தவணை நிதியும் வரும்.

முதல் மாதம் ஒரு ஆள்கூட வரவில்லை. பிறகு ஒரு தென்னந்தோப்புக்காரர் இரண்டு லோடு வாங்கிப் போனார். மண் கறுப்பாக, பொலபொலவென்று இருப்பதைப் பார்த்துவிட்டு, கண்மாய்க் கரம்பை மாதிரியே இருக்கிறது என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கரம்பை என்றால் உயிர். கண்மாயில் படிந்த அந்த வண்டலை அள்ள தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டும். இங்கே மனு இல்லை, நடை இல்லை, கையெழுத்துப் போட்டால் லோடு. மறுநாள் காலையில் குப்பைக் கிடங்கு வாசலிலிருந்து மெயின் ரோடு வரை டிராக்டர்கள் நின்றன.

மூன்றாவது நாள் வரிசையில் அடிதடி. ஒரு திராட்சைத் தோட்டக்காரர் முன்னால் நுழைந்தார், வாழைக்காரர் ஒருவர் மண்வெட்டிக் காம்பால் அவர் தலையில் போட்டார். ரத்தம் சட்டையெல்லாம் வழிய, அந்த ஆள் சாவியை விடாமல் டிராக்டர் மேலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கினால் இடம் போய்விடும். நான் ஓடிப்போய்க் காம்பைப் பிடுங்கி இரண்டு பேரையும் வெளுத்தேன். ஒருத்தருக்கு என் அப்பா வயது இருக்கும். “குப்பைக்கு அடிச்சுக்கிற நாய்களா” என்று கத்தினேன். கத்திவிட்டு, அன்று மத்தியானமே வரிசையில் நின்ற அத்தனை பேரையும் நிறுத்திவைத்து, என் அக்கா வயலுக்குப் பத்து லோடு அனுப்பினேன். தட்டிக் கேட்க வந்தவனைப் பார்த்து ஒரு முறை முறைத்தேன், போய்விட்டான்.

அக்காவுக்கு உத்தமபாளையம் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல். அது ஒன்றுதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு. மச்சான் சொந்த டிராக்டர் வைத்திருந்தார், அதற்கும் டீசல் போடுவது அந்த நெல்தான். லோடு போய்ச் சேர்ந்ததும் அக்கா போனில் கூப்பிட்டு, “ஏலே, ஊருக்கே இல்லாத மண்ணு எனக்கு வந்திருக்கு. ஒன்னய மாதிரி தம்பி எவளுக்கு இருக்கான்?” என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிடங்கைச் சுற்றி நடந்தேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சல்லடை இரண்டு. பெரிய கண் ஒன்று, பொடிக் கண் ஒன்று. கண்ணாடித் துண்டு, ஊசி, பிளேடு எல்லாம் பொடிக் கண்ணில்தான் நிற்கும். கோடை மழை பெய்து குப்பை நனைந்ததும் பொடிச் சல்லடை அடைத்துக்கொண்டது. அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்திச் சுரண்ட வேண்டியிருந்தது, கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. “கழட்டிப் போட்டு ஓட்டுறா” என்றார் காண்ட்ராக்டர். கழற்றியது நான். நாலு போல்ட். அக்காவுக்குப் போன பத்து லோடும் அதற்குப் பிறகு விழுந்த மண்.

அது எனக்கு நினைவிருந்ததா என்றால், இருந்தது. தென்னைக்கும் திராட்சைக்கும் போன மண்ணைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. அங்கெல்லாம் செருப்புக் காலோடு நடப்பார்கள். நெல் வயலில் நடவுக்கு வெறுங்காலோடு இறங்குவார்கள் என்பதை, நெல் விளைகிற ஊரில் பிறந்த நான் நினைத்துப் பார்க்கவில்லை.

லோயர் கேம்பில் பாசனத் தண்ணீர் திறந்து, வாய்க்காலில் வந்தது. மச்சான் டிராக்டர் மேல் உட்கார்ந்தே தொழி அடித்து, சேற்றைக் கலக்கிச் சமப்படுத்தி முடித்தார். வயல் கண்ணாடி போட்ட மாதிரி சமமாக நின்றது என்று பிறகு சொன்னார், சொல்லிவிட்டு அந்த வார்த்தைக்காகத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். நடவன்று பன்னிரண்டு பெண்கள் இறங்கினார்கள், அக்காவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நடவுக்குச் சாமி கும்பிட நானும் போயிருந்தேன், வரப்பில் நின்றேன். குலவை போட்டு முடிப்பதற்குள் முதல் அலறல் வந்தது.

“ஆத்தா, கால அறுத்திருச்சு!”

ஒருத்தி காலைத் தூக்கினாள். பாதம் குறுக்கே பிளந்து தொங்கியது. அவளைப் பிடிக்க ஓடியவள் அடுத்து அலறினாள். ஓட ஓடத்தான் குத்தியது. சேற்றில் எதன் மேல் கால் வைக்கிறோம் என்று தெரியாமல், வரப்பு எந்தப் பக்கம் என்று தெரியாமல், பன்னிரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். விழுந்தவர்களுக்குக் கையிலும் முழங்காலிலும் ஏறியது. தண்ணீர் செங்காவியாக மாறியது. கரையேறிய பெண்கள் கட்டுக் கட்டாகக் கிடந்த நாற்று முடிகளை எடுத்து மச்சானை அடிக்கத் தொடங்கினார்கள். வேரில் சேறு கனத்த முடி, ஒவ்வொரு அடியும் சப்பென்று விழுந்தது.

“பொம்பளைக கால அறுக்கத்தான் கூலிக்குக் கூப்பிட்டியா?”

மச்சான் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். மண் கொடுத்தவன் பக்கத்தில்தான் நிற்கிறான் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் சொல்லவில்லை. எல்லா இடத்திலும் முன்னால் நீளும் என் கை அன்று சட்டைப் பைக்குள் இருந்தது.

அக்காவின் குதிகாலில் ஒரு ஊசி முறிந்து உள்ளே போயிருந்தது. உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். எவருக்கோ மருந்து ஏற்றிய ஊசி. கட்டிலில் உட்கார்ந்து அதைத்தான் முதலில் சொன்னாள்.

“நோய் ஒட்டிருக்கான்னு பாக்க இப்ப ரத்தம் எடுத்தாக. மூணு மாசம் கழிச்சு மறுபடி குடுக்கணும்னு சொல்லிட்டாக. அதுவரைக்கும் பிள்ளைக தட்டுல கை வைக்கவே பயமா இருக்குடா.”

கட்டுப் போட்ட காலை அவள் சேலையால் மூடிக்கொண்டாள்.

“காலு கெடக்கட்டும். வயல்ல கெடக்குறத அள்ளிட்டுப் போகச் சொல்லு. இனிமே ஒருத்தியும் அதுக்குள்ள எறங்க மாட்டா. எறங்கலைன்னா எங்களுக்கு நெல்லு கெடையாது.”

அள்ளச் சொல்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு, நேராக நகராட்சிப் பொறியாளரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், முழுவதையும் கேட்டார், ஃபைலைக்கூடப் புரட்டினார்.

“தம்பி, இந்தத் திட்டம் நகராட்சி நிலத்துக்குத்தான். குப்பை நம்ம இடத்துல கெடந்தா சுத்தம் பண்ண நிதி உண்டு. பட்டா நிலத்துல கெடந்தா அதுக்குச் செலவு எழுதத் தலைப்பே கெடையாது. திருப்தியா வாங்கிக்கிட்டேன்னு ஒங்க அக்காவே கையெழுத்துப் போட்டிருக்காக, பாருங்க.” கொஞ்சம் யோசித்தார். “ஒரு வழி இருக்கு. அந்த வயல நகராட்சிக்கு எழுதிக் குடுத்தா, அடுத்த கட்டத்துல சேத்துக்கலாம்.”

கேலி செய்கிறார் என்று நினைத்து எழுந்து மேசையை ஓங்கித் தட்டினேன். தண்ணீர் டம்ளர் உருண்டு விழுந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் உண்மையிலேயே உதவப் பார்க்கிறார் என்று புரிந்தது. நாங்கள் ஊர் நிலத்தைச் சுத்தம் செய்யவே இல்லை, நிதி இருக்கிற இடத்திலிருந்து நிதி இல்லாத இடத்துக்கு அழுக்கை மாற்றிவைத்திருக்கிறோம். இதைக் காண்ட்ராக்டரிடமும் போய்ச் சொன்னேன். “சல்லடையக் கழட்டுனது யாரு?” என்று கேட்டார். அதோடு திரும்பி வந்துவிட்டேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் சந்தை வளாகத்துக்குப் பூமி பூஜை. பந்தல், மேளம், பெரிய மனிதர்கள். குப்பை கிடந்த இடமா என்று வந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். வாசலைப் பார்த்துக்கொள்ள என்னையும் இன்னும் நாலு ஆட்களையும் நிறுத்தியிருந்தார் காண்ட்ராக்டர்.

மச்சானின் டிராக்டர் வந்தது. டிரெய்லர் நிறைய வயல் சேறு. சேற்றோரம் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

“ஒன் மச்சான்தான? நீ பாக்குறியா, நான் பாக்கவா?” என்றார் காண்ட்ராக்டர்.

நான் போனேன். மச்சான் எஞ்சினை நிறுத்தாமல் கீழே இறங்கினார்.

“வழிய விடு மாப்ள. ஒரே ஒரு லோடு. எல்லாரும் பாக்க இங்கன கொட்டிட்டுப் போயிர்றேன். குடுத்ததத் திருப்பிக் குடுக்கேன், அம்புட்டுத்தான்.”

“போயிருங்க மச்சான்.”

“வாக்குக் குடுத்தியேடா. அவ ராவும் பகலும் வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தாடா.”

அடித்தேன். வாயில், முழு பலத்தோடு. அவர் பல் என் விரல் முட்டியில் இறங்கியது. அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நியாயம். நியாயத்தைக் கேட்டு நிற்க எனக்குத் தெரியவில்லை, அடிக்கத்தான் தெரிந்திருந்தது.

சொந்தக்காரனே கை வைத்துவிட்டான், இனி யாருக்குப் பயம்? நாலு பேரும் பாய்ந்தார்கள். பந்தல் கம்புகளை உருவிக்கொண்டு வந்தார்கள். மச்சான் டிரெய்லர் கொக்கி மேல் விழுந்தார், விழுந்தவரை மிதித்தார்கள். முழங்கை முறிந்த சத்தம் மேளத்தையும் தாண்டிக் கேட்டது. “போதும் விடுங்கடா” என்று நான் இழுத்துப் பார்த்தேன். ஒருவனும் காதில் வாங்கவில்லை. அடிக்க ஆரம்பித்துவைப்பது மட்டும்தான் என் கையில் இருந்தது என்று அப்போது தெரிந்தது. அக்கா டிரெய்லரிலிருந்து உருண்டு இறங்கி, அந்தச் சேற்றையே கைநிறைய அள்ளி அவர்கள் முகத்தில் எறிந்தாள். அவள் உள்ளங்கையும் கிழிந்தது. யாரோ போலீஸுக்குப் போன் செய்தார்கள்.

ஸ்டேஷனில் நாலு பேரும் தரையில் குந்தியிருந்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். மச்சானைத் தேனிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பியிருந்தார்கள். அக்கா நாற்காலியில், கையிலும் காலிலும் கட்டோடு இருந்தாள். என்னை அவள் எப்படியும் காட்டிக்கொடுக்காமல் விட்டுவிடுவாள் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

“மொதல்ல கை வச்சது யாரும்மா? இந்த நாலு பேருல காட்டு” என்றார் எஸ்.ஐ.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

“இவன் சார். என் கூடப் பொறந்தவன்.”

எஸ்.ஐ. பேனாவை மூடினார். “அக்கா தம்பி சமாச்சாரம். வீட்டோட பேசித் தீத்துக்கங்கம்மா. இவனுக பேர மட்டும் எழுதிக்கிறேன்.”

“தம்பி குடுத்த மண்ணுன்னுதான் சார், கையில அள்ளிக்கூடப் பாக்காம கொட்டச் சொன்னேன். மொதப் பேரா இவன் பேர எழுதுங்க.”

அவர் பேனாவைத் திறந்து என் பெயரை எழுதினார். “தகப்பன் பேரு?” என்று வழக்கம்போல் என்னைப் பார்த்துக் கேட்டார். அக்காதான் எங்கள் அப்பா பெயரைச் சொன்னாள்.