செருப்பு ஏறிய பஸ்

என் வீட்டுக்காரர் ஐயாசாமிக்குப் பகலிலேயே கனவு வரும். பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் வேலை. லீவு நாளானால் சமையலறைத் தரையில் துவரம்பருப்பைக் கொட்டி, விரலால் வழி பிரித்து, மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டிருப்பார். ஒவ்வொரு பருப்பும் ஓர் ஆள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்.

"ஏனுங்க, இந்தச் சனம் எப்ப ஊடு போய்ச் சேர்றது, நான் எப்பக் கொழம்பு வெக்கிறது?"

"பொறு அம்மணி, கொடுமுடிக்காரங்க இன்னும் ஏறலை."

கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் திட்ட வாய் வராது. காரணம் என் இடது கை. மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் ஊர்த் தேரன்று, சனம் மொத்தமும் வந்த வழியிலேயே திரும்பி ஒரே பஸ்ஸில் தொற்ற, நான் படிக்கட்டிலிருந்து விழுந்து கை முறிந்தது. நான் கீழே கிடப்பது தெரியாமல் வண்டிக்கு விசில் ஊதியவர் அவர்தான். எலும்பு கூடிவிட்டது. மனுஷர் அந்தக் கையைத் தொடுவதையே விட்டுவிட்டார். அதுதான் எனக்கு வலித்தது.

பருப்பில் பிறந்த திட்டம் இது: சனம் கிழக்கு வீதியில் வரட்டும், தேர் நிலைக்கு வந்ததும் மேற்கே போகட்டும். மேற்கு மைதானத்தில் அந்தியூருக்கு ஒரு வரிசை, ஈரோட்டுக்கு ஒன்று, கொடுமுடிக்கு ஒன்று. மேலதிகாரிகள் இரண்டு வருஷம் சிரித்தார்கள். இந்த வருஷம், "ஒரு தடவை பார்ப்போம், சொதப்பினால் பழையபடிதான்" என்றார்கள்.

அவர் தடுக்கத் தடுக்க நானும் தேருக்குப் போனேன். "நானே நம்பலைன்னா ஊரு நம்புமாங்க?"

நாலரைக்குத் தேர் நிலைக்கு வந்தது. மேற்கே காலி பஸ்கள் மஞ்சள் வெயிலில் கண்ணயர்ந்ததுபோல் நின்றன. சனமோ மொத்தமாகக் கிழக்கே திரும்பியது! மைக்கில் அவர் கெஞ்சினார். "ஏனுங்க, மேக்கால போங்க, பஸ்ஸு அங்கதானுங்க நிக்குது!" யார் கேட்டார்கள்? யாரோ என் இடது கையில் இடித்தார்கள். கையைப் பொத்திக்கொண்டு குனிந்தேன். சுற்றிலும் அத்தனையும் வெறுங்கால்.

அட ஆத்தா! வடம் பிடிக்க வருகிறவர்கள் கிழக்கு முனையில் செருப்பை விட்டுவருவதுதானே எங்கள் வழக்கம். நானும் அங்கேதான் விட்டிருந்தேன். பருப்புக்கு ஏது செருப்பு?

அவருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "செருப்புங்க! எல்லாரு செருப்பும் கெழக்கால கெடக்குதுங்க!"

பிறகு மைக்கில் அவர் குரல்: "உங்க செருப்பெல்லாம் பஸ்ஸேறி மேக்கால வருதுங்க. நீங்க பைய நடந்து வாங்க."

சனம் சிரித்தது. சிரித்தபடி நின்றது. காலி பஸ் ஒன்று பக்கத்து வாய்க்கால் ரோட்டில் கிழக்கே போய்த் திரும்பியது. சீட்டெல்லாம் செருப்பு! ஆட்களை விட்டுவிட்டுக் கால்கள் மட்டும் ஊருக்குக் கிளம்பியதுபோல் அது மெதுவாகக் கடந்து போக, அதன் பின்னால் சனம் மேற்கே நடந்தது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. புழுதிகூட நிதானமாகத்தான் எழுந்தது. அவருடைய பகல் கனவுக்குள் நானும் நடந்துகொண்டிருந்தேன்.

மைதானத்தில் ஜோடி மாறிய செருப்புக்காகச் சண்டை நடந்தது. நடக்கட்டும். அந்த இரைச்சலுக்கு நடுவே, என் செருப்பைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் மனுஷர்.

"கொடுமுடிக்காரங்க ஏறிட்டாங்களாங்க?"

"ஏறிட்டாங்க கண்ணு."

செருப்பைக் கீழே வைத்தார். நான் தடுமாறாமல் மாட்டிக்கொள்ள என் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.