அக்காவின் கடைசி வாத்துப்பாண்

அக்காவின் ஓராண்டு நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அத்தான் கேட்டபோது, என்னால் முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். எழுதத் தெரியாததால் அல்ல. எழுத உட்கார்ந்தால் எதை எழுத வேண்டிவரும் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்துப் பயந்தேன். இப்போதும் பயந்துகொண்டுதான் எழுதுகிறேன். சிறு வயது முதல் அக்கா என்னைப் "பயந்தாங்கொள்ளி" என்றே கூப்பிடுவார். அந்தப் பட்டத்துக்கு நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

அக்கா மன்னார்க் கரையோரத்தில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கும் எனக்கும் ஆறு வயது இடைவெளி. கன்னியர் மடப் பள்ளியில் படித்தார். கணக்கிலும் ஞானோபதேசத்திலும் கெட்டிக்காரர் என்று அவரோடு படித்தவர்கள் இன்றும் சொல்லுவார்கள். கடலுக்குப் போன அப்பா திரும்பி வராத பிறகு, குடும்பத்தின் பாரம் அவருடைய தலையில் விழுந்தது. நாட்டு நிலைமை மோசமானதும் அம்மா எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவைத்தார். எண்பதுகளின் நடுப்பகுதியில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினோம். அக்காவுக்கு இருபத்துநான்கு வயது, எனக்குப் பதினெட்டு.

சீருடைக்காரர் எங்கள் கடவுச்சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடமும் அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அழாதையடி. அழுதா திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்றார்.

அவருடைய விரல் அடையாளம் பின்னேரம் வரை என் கையில் கிடந்தது. அக்காவுக்குப் பயமே கிடையாது என்று நான் எத்தனையோ வருடம் நம்பியிருந்தேன். ஒருநாள் அவரிடமே கேட்டேன். "எனக்கும் கால் நடுங்கினதுதான். நீ என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாய். அதாலை காட்டேல்லை" என்றார். இந்த ஒரு வசனத்தைச் சொன்னால் அக்காவின் முழு வாழ்க்கையையும் சொன்ன மாதிரி.

அகதி முகாமில் எங்களுக்குக் காலையும் மாலையும் பாண் ரொட்டி தந்தார்கள். அக்கா தன் பங்கில் பாதியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பார். நாளைக்குத் தராவிட்டால் என்ன செய்வது என்ற பயம். சில நாட்களில் அது கல்லாகிவிடும். எறியவும் மனம் வராது, தின்னவும் பல்லால் ஏலாது. பிறகு ஆஹென் நகருக்கு வந்து, ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் சமையல் உதவி வேலைக்குச் சேர்ந்தார். முதல் மார்கழி மாதம் வேலை முடிந்து ஓடி வந்தார். சப்பாத்தைக் கழற்றமுன்னமே சொன்னார்: "இஞ்சை காய்ஞ்ச பாணை எறியிறேல்லையடி! பாலிலை ஊறப்போட்டு நத்தாருக்கு வாத்துக்குள்ளை வைக்கினம்!" தலையணைக்கடியில் பாண் ஒளித்தது பிழையில்லை என்று யாரோ தீர்ப்புச் சொன்ன மாதிரி அவருடைய முகம் இருந்தது.

அந்த வருடத்திலிருந்து, கிறிஸ்து பிறந்த நாளான நத்தாரன்று மதியச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். அந்தப் பாண் உள்ளீட்டுக்கு எங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் வாத்துப்பாண். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று அக்கா குசினிக் கதவில் ஒரு துணிப்பையைக் கொழுவுவார். உறவினர், நண்பர் எல்லோரும் அவரவர் வீட்டில் மிஞ்சிய பாணைக் கொண்டுவந்து அதற்குள் போடவேண்டும். எல்லா வீட்டுப் பாணும் சேர்ந்தால்தான் நத்தார் என்பது அவருடைய சட்டம். இருபத்துநான்காம் தேதி அதைச் சிறு சதுரமாக வெட்டி, சூடான பால் ஊற்றி மூடிவைப்பார். வெண்ணெயில் வெங்காயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை வதக்கி, வாத்தின் ஈரலைக் கொத்திப்போட்டு, ஒரு புளிப்பு அப்பிள், இரண்டு முட்டை, அரைக் கரண்டி வறுத்த மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துக் கையால் பிசைவார். மிளகாய்த்தூளைப் பற்றி, இதைச் செய்யச் சொல்லிக்கொடுத்த முதியோர் இல்லத்துச் சமையற்காரிக்கு அவர் கடைசிவரை சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் செபம் முடிந்ததும், முதல் கரண்டியை வீட்டிலேயே வயதில் குறைந்தவருக்குத் தன் கையால் ஊட்டுவார். பிறகுதான் மற்றவர்கள் தொடலாம்.

அத்தானைக் கைப்பிடித்து, மகள் ஜெனியையும் ஒரு மகனையும் வளர்த்து ஆளாக்கினார். நான் கலியாணம் செய்யவில்லை. மூன்று தெரு தள்ளி இருந்துகொண்டு, ஒரு பாண் கடையில் விற்பனைக்கு நின்று, மிச்ச நேரம் முழுவதும் அக்கா வீட்டில் கழித்தவள் நான். ஜெனியின் மகள் லியா பிறந்த பிறகு கடையில் வேலையைக் குறைத்துக்கொண்டேன். ஜெனி வேலைக்குப் போகும் மூன்று நாளும் லியா என்னிடம்தான் வளர்கிறாள். ஆரையும் பெறாத எனக்கு அந்த மூன்று நாளும்தான் கிழமை. மற்ற நான்கு நாளும் சும்மா கிடக்கிற நாட்கள்.

லியாவுக்கு இரண்டு வயதில் ஒரு பிறந்தநாள் வீட்டில் யாரோ ஒரு பிஸ்கற் கொடுத்தார்கள். அதில் ஹாசல் கொட்டை இருந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் உதடு வீங்கி, மூச்சு விசிலடித்தது. அம்புலன்ஸ் வந்த சத்தத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அன்று முதல் எந்தக் கொட்டையும் அவளுக்கு ஆகாது. இங்கே எல்லோரும் ஜெர்மன் மொழியில் சொல்வதுபோல அக்காவும் அதை "நுஸ்" என்பார். அவர் வீட்டிலிருந்த நுஸ் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டார். வாத்துப்பாணில் போடும் கஸ்தானியாக் கொட்டையையும் நிறுத்தினார். பாண் பைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கொண்டுவருகிற ஒவ்வொருவரையும் மறித்து, "இதுக்குள்ளை நுஸ் இருக்கோ? வடிவாப் பாத்தனீங்களோ?" என்று கேட்பார். உறவுக்கார அண்ணைமார் சிலர் இதைச் சொல்லிச் சிரித்தது எனக்குத் தெரியும். என்னை மட்டும் அவர் கேட்டதில்லை. பாண் கடைக்காரியை என்னத்துக்குக் கேட்பது?

அக்காவுக்கு நோய் வந்ததும், அவர் அதைப் பொறுமையோடு தாங்கியதும் நீங்கள் அறிந்தவை. நீங்கள் அறியாத ஒன்று இருக்கிறது. சிகிச்சை தொடங்கி இரண்டாம் மாதம் அவருடைய நாக்கு செத்துப்போனது. உப்பும் தெரியாது, புளியும் தெரியாது. எனக்கு மட்டும் சொன்னார். "ஜெனிக்குச் சொல்லாத. தெரிஞ்சா குசினியை என்னட்டை இருந்து பறிச்சுப்போடுவாள். பிறகு நான் கட்டிலிலை கிடந்து சுவரைப் பாக்கிறதோ?" அதன்பிறகு அவர் சமைத்த எல்லாவற்றுக்கும் ருசி பார்த்தது நான்தான். கள்ளர் இருவர் மாதிரி அடுப்படியில் நின்று ஒரு கரண்டியை மாறி மாறி நீட்டிக்கொண்டோம்.

அவருடைய கடைசி நத்தாருக்கு முதல் நாள், கட்டிலில் இருந்து எழும்பி வந்து, கதிரையில் இருந்துகொண்டே வாத்துப்பாண் பிசைந்தார். "உப்புப் பாரடி" என்று ஒரு துண்டை என் வாயில் வைத்தார்.

"சரியா இருக்கக்கா" என்றேன். உண்மையிலேயே சரியாக இருந்தது.

மறுநாள் பதினான்கு பேர் மேசையைச் சுற்றி இருந்தோம். வாத்தை ஓவனில் இருந்து எடுத்து, உள்ளீட்டைத் தோண்டி ஒரு பெரிய பாத்திரத்தில் வைத்தாயிற்று. அத்தான் செபத்தைத் தொடங்கிவிட்டார். சும்மா நிற்காமல், கழுவப்போடலாம் என்று நான் குசினிக் கதவில் கிடந்த துணிப்பையை எடுத்து உதறினேன். ஒரு பொன் நிறக் கடதாசிப் பட்டி கீழே விழுந்தது.

எங்கள் கடையில் நத்தார் காலத்தில் மட்டும் போடுகிற ஒரு மண்ணிறப் பாணின் பட்டி அது. அந்தப் பாணைப் பார்த்தால் சாதாரணப் பாண். மாவோடு ஹாசல் கொட்டையை மாவாகவே அரைத்துச் சேர்ப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. எதில் என்ன இருக்கிறது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் கோவையை நான் மனப்பாடமாகச் சொல்லுவேன். கடை பூட்டும் அவசரத்தில், மிஞ்சிய பாணெல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி அக்காவுக்கென்று கட்டியதும் நான்தான். ருசி பார்த்தவளும் நான். மிளகாய்த்தூளுக்கும் பெருஞ்சீரகத்துக்கும் நடுவில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

கத்தியிருக்க வேண்டும். ஓடியிருக்க வேண்டும். பட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் மரமாக நின்றேன். உள்ளே "ஆமென்" என்ற சத்தம் கேட்டது. லியா அக்காவின் மடியில் இருந்தாள். அக்கா பாத்திரத்தில் இருந்து முதல் கரண்டியை அள்ளி, ஊதி ஆற்றிக்கொண்டே தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். லியா வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

கரண்டி அக்காவின் வாய்க்குள் போனது.

"சீ! உப்பு!" என்று முகத்தைச் சுளித்தார். "என்ன சனியனடா இது, கடல் தண்ணி மாதிரி! ஒருத்தரும் வாயிலை வைக்காதேங்கோ. வாத்தும் சரிவராது, உள்ளுக்கை முழுக்க இறங்கியிருக்கும். ஜெனி, பிள்ளையைப் பிடி." உடனே எழும்பி, நடக்கவே ஏலாத மனுசி, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தார். அவருக்குப் பின்னால் வாத்துத் தட்டை நான் தூக்கி வந்தேன்.

கதவைச் சாத்தினார். நாற்பது வருடமாக ஒரு பாண் துண்டை எறியாத அக்கா, அவ்வளவையும் கறுப்புப் பையில் கொட்டினார். முழங்கை வரை சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினார். சட்டையையும் மாற்றினார்.

"அக்கா, நான் போய்ச் சொல்லுறன். நான்தான் எண்டு சொல்லுறன்" என்றேன்.

"வாயை மூடு. சொன்னா ஜெனி இனி உன்னட்டைப் பிள்ளையை விடுவாளோ? நான் தாயடி, எனக்குத் தெரியும். எனக்கு இன்னும் எத்தினை நாள்? என்ரை கை உப்பைக் கூடப் போட்டுது எண்டு சொல்லிட்டுப் போகட்டும். நீ இருக்கப்போறனீ."

அன்று நாங்கள் உருளைக்கிழங்கு உருண்டையும் சிவப்பு முட்டைக்கோசும், அவசரமாக வைத்த சோறும் பருப்பும் சாப்பிட்டோம். நீங்கள் எல்லோரும் பகிடி விட்டுச் சிரித்தீர்கள், நினைவிருக்கும். பின்னேரம் முழுவதும் நான் லியாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருமுறை தும்மினாள், எனக்கு உயிர் போய் வந்தது. அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஆண்டவருக்கு நன்றி. ஆனால் அன்றோடு ஜெனி, "அம்மா, நீங்கள் இனிச் சமைக்க வேண்டாம்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அக்கா "ஓம்" என்றார். குசினியைப் பறித்துவிடுவார்கள் என்று எதற்குப் பயந்தாரோ, அதைத் தன் கையாலேயே கொடுத்தார். தவக்காலத்தில் கண் மூடும்வரை, கட்டிலில் கிடந்து சுவரைப் பார்த்தார்.

சென்ற நத்தாருக்கு யாரோ கடையில் வாங்கிய உள்ளீட்டைக் கொண்டுவந்தார்கள். "பாவம் அக்கா, கடைசியிலை அவவுக்கு உப்பே விளங்கேல்லை" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். என்னை நானே வெறுத்த நாள் அதுதான்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அத்தானிடம் மட்டும் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்டைக்கு வாத்தை வெளியிலை எடுக்கேக்கை, ஒளிச்சு ஒரு கரண்டி திண்டனான் பிள்ளை" என்றார். "உப்புச் சரியாத்தான் இருந்தது. அவ அப்பிடிச் சொன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும் எண்டு விட்டனான். நீ இதைப் போடு. அவ சுமந்தது இனிப் போதும்."

அக்காவின் நோய்க்காலத்தில் இரவு பகல் பாராமல் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், நற்கருணையோடு வீடு தேடி வந்த பங்குத் தந்தைக்கும், இறுதிச் சடங்கில் பாடிய பாடகர் குழுவினருக்கும், மலர்வளையத்தோடும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடும் வந்து தோள் தந்த உறவினர், நண்பர், அயலவர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி. வருடா வருடம் உங்கள் வீட்டுப் பாணைக் கொண்டுவந்து அந்தப் பையில் போட்டதற்கும் நன்றி. அந்த வாத்துப்பாணுக்கு உப்புக் கூடவில்லை. அக்காவின் கை கடைசிவரை பிழைக்கவில்லை. பிழைத்தது என் கை.

ஜெனி, நினைவுப் பூசையன்று இந்த மலரைக் கையில் தரும்போது, இதை நீ கோவிலில் வைத்து வாசிக்காமல், வீட்டுக்குப் போய் ஆறுதலாக வாசி. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வழமைபோலக் கதவைத் திறந்து வைத்திருப்பேன். நீ வராவிட்டால் எனக்கு உன்மேல் கோபமில்லை. வந்தால், என் குசினியில் உள்ள ஒவ்வொரு அலுமாரியையும் நீயே திறந்து பார்த்துவிட்டுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போ. ஷோனெஃபெல்டில் நின்ற மாதிரி இப்போதும் எனக்குக் கால் நடுங்குகிறது. என் கையைப் பிடிக்க அக்கா இல்லை.