பிரேக் வாத்தியாரின் கால் பரீட்சை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவருக்கு பிரேக் வாத்தியார் என்று பெயர். வைத்தது மாணவர்கள், பொருத்தம்தான் என்று ஒப்புக்கொண்டது அவரே. பக்கத்து இருக்கைக்குக் கீழே உள்ள தனி பிரேக்கில் வலது காலை வைத்துக்கொண்டு ஊரார் உயிரையெல்லாம் தானே காப்பாற்றுவதாக அவருக்கு ஒரு நினைப்பு. தன் உயிரைக் கவனிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை. சர்க்கரை எகிறி வண்டியிலேயே மயங்கிச் சரிந்தபோது, புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்திதான் காரை ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். என் பாடம் வீண்போகவில்லை என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். சர்க்கரை அளவைத் தினமும் போனில் அனுப்ப வேண்டும். வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரி சிஸ்டர் வீடியோவில் கூப்பிட்டுப் பாதங்களைப் பார்ப்பார். சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டால் காலில் உணர்ச்சி போய்விடுமாம். கால் சரியாக இருக்கிறது என்று சிஸ்டர் சொன்னால்தான் முதலாளி அவரை மறுபடியும் காரில் ஏற்றுவார். இல்லையென்றால் வாசல் மேசையில் உட்கார்ந்து விண்ணப்பம் வாங்க வேண்டியதுதான். பிரேக் இல்லாத பிரேக் வாத்தியாரை யார் மதிப்பார்கள் என்பதுதான் அவர் கவலை.

பரீட்சை எளிமையானது. எதிரே ஸ்டூலில் போன். பாதம் கண்ணில் படாதபடி மடியில் தலையணை. மனைவி விரல் நுனியால் பாதத்தில் அங்கங்கே மெல்லத் தொடுவாள். எந்த இடம் என்று இவர் சொல்ல வேண்டும். முதல் வாரம் எதுவும் தெரியாமல் திருதிருவென்று விழித்தவர், போனின் மூலையில் தன் பாதமே சின்னப் படமாகத் தெரிவதைக் கண்டார். மனைவியின் விரல் பெருவிரலில் இருந்தது.

“பெருவிரல்” என்றார் கம்பீரமாக.

அன்று முதல் முழு மதிப்பெண். பள்ளிக்கூடத்தில் காப்பியடிக்கத் துப்பில்லாமல் பெயிலானவன், தலை நரைத்த பிறகு அதிலும் தேறிவிட்டேனே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். சிஸ்டரும் மெச்சினார். அந்த மெச்சலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் வேண்டாமென்று சொல்லவில்லை.

மறுபடி வேலைக்குப் போகலாமா என்று சொல்லவேண்டிய நாளில், குதிகாலில் ஏதோ வெடிப்பு மாதிரித் தெரிகிறது, படம் தெளிவாக இல்லை என்றார் சிஸ்டர். பின்பக்க கேமரா நன்றாக எடுக்கும், போனைத் திருப்பி வையுங்கள் என்றார். மனைவி திருப்பி வைத்தாள். வாத்தியாருக்குப் போனின் முதுகுதான் தெரிந்தது. சரி, விரல் படட்டும் என்று காத்திருந்தார். எதுவும் பட்டதாகத் தெரியவில்லை.

“என்ன, இன்னும் தொட ஆரம்பிக்கலையா?” என்று கேட்டார்.

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள்.

“நாலு இடம் தொட்டுட்டேங்க.”

கேமரா திரும்பியதில் கவனம் சிதறிவிட்டது என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள், பிரேக்கை மிதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தான் சும்மா உட்கார்ந்திருக்க, கார் ஓட்டிப் பழகும் பெண் நேராக நாற்சந்திக்குள் போவது கண்முன் வந்தது.

“சிஸ்டர், இத்தனை நாளும் போனைப் பாத்துதான் சொன்னேன். காலுக்கு ஒண்ணுமே தெரியல. நீங்க விட்டாலும் நான் இனிமே வண்டில ஏற மாட்டேன்.”

சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இவருக்குத் தோன்றியது. நாளைக் காலையிலேயே நேரில் வரவேண்டும், அதுவரை வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

மனைவி அவர் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரால் அதைத் தாங்க முடியவில்லை. வழக்கம்போலச் சிரிக்கவைத்துச் சமாளிக்கப் பார்த்தார்.

“எதுக்கு அழற? எனக்குத்தான் வலிக்கவே இல்லையே.”

அவர் வாயிலிருந்து அதைவிட மட்டமான ஜோக் வந்ததில்லை. அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். தலையணையை விலக்கிக் குனிந்து பார்த்த பிறகுதான் அவள் இறுக்கிப் பிடித்திருப்பதே அவருக்குத் தெரிந்தது.