அஞ்சலை மேடம் கேட்ட சட்டம்

அஞ்சலை மேடம் போய்விட்டார் என்ற செய்தி நம் குடியிருப்புச் செயலாளர் வாயால்தான் எனக்கு வந்தது. அதுவே முதல் எரிச்சல். "நம்ம செகண்ட் ஃப்ளோர்ல வாடகைக்கு இருந்தாங்களே, டிரான்ஸ்லேட்டர் மேடம், ஹார்ட் அட்டாக்காம் சார். நம்ம ஆண்டு மலருக்கு நாலு வரி நல்லதா எழுதிக் குடுங்க. பழசெல்லாம் வேணாம்" என்றார். வெட்டாமல் போடுவீர்களா என்று கேட்டேன். போடுவதாக வாக்குக் கொடுத்தார். இதோ, எழுதிவிட்டேன்.

மேடமும் நானும் சட்டப் புத்தகங்களைத் தமிழாக்கும் அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசை. தாம்பரத்தில் மின்ரயில் பிடித்துச் சேர்ந்தே போவோம். நான் எல்லாவற்றுக்கும் 'சட்டம்' என்றே எழுதித் தள்ளுவேன். தாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். "சார், இத மீறினா ஜெயிலா, ஃபைனா, இல்ல மேனேஜர் முறைப்பாரா? மூணுக்கும் ஒரே வார்த்த போட்டா படிக்கிறவங்க சும்மா பயந்துடுவாங்க." சட்டமன்றம் இயற்றினால் சட்டம். அந்தச் சட்டம் தந்த அதிகாரத்தில் அரசு போட்டால் விதி. ஒரு சங்கம் பொதுக்குழுவைக் கூட்டி நிறைவேற்றிப் பதிவு செய்தால் துணைவிதி. மற்றதெல்லாம் வேண்டுகோள், கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம் என்பார்.

கோவளம் பக்கம் ஒரு குப்பத்தில் மீன் விற்ற தாய்க்குப் பிறந்தவர் அவர். நம் சிட்லபாக்கம் குடியிருப்புக்கு வந்த முதல் ஞாயிறு சங்கரா மீன் குழம்பு வைத்தார். மறுநாள் லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'இங்கு அசைவம் சமைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.' அதற்காக மொட்டைமாடியில் கூட்டிய கூட்டம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மறந்ததுபோல் இருப்பவர்களுக்காகவே எழுதுகிறேன்.

"எந்தச் சட்டம் சார்?" என்று கேட்டார் மேடம்.

"சட்டம்னா... அசோசியேஷன் ரூல்ஸ் மேடம்" என்றார் செயலாளர்.

"எந்தப் பொதுக்குழுவுல பாஸ் பண்ணீங்க? எங்க பதிவு பண்ணீங்க?"

"அதெல்லாம் இல்ல. இங்க அதான் வழக்கம்."

"பில்டிங் கட்டி மூணு வருஷம் ஆகல. அதுக்குள்ள வழக்கமா?"

"சரி, கட்டுப்பாடுன்னு வெச்சுக்கோங்க."

அதுவரை சிரித்துக்கொண்டே கேட்டவர் எழுந்துவிட்டார். அலுவலகத்தில் நான் கேட்டறியாத கடற்கரைப் பேச்சு வந்தது. "கட்டுப்பாடா? எங்கம்மா என்ன காலேஜுக்கு அனுப்புச்சுன்னு எங்க குப்பத்துல ஊர்க்கட்டுப்பாடு போட்டாங்கோ. ஒருத்தரும் அதாண்ட பேசக்கூடாது, மீன் வாங்கக்கூடாது. அது இன்னான்னு எனக்குத் தெரியும் சார். அதத்தான் நீங்க சட்டம்னு எழுதி ஒட்டிக்கினு கீறீங்க."

செயலாளர் வார்த்தை தெரியாமல் தவறியவர் அல்ல. பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று எழுதினால் ஒருவரும் பயப்பட மாட்டார்கள் என்று தெரிந்துதான் அப்படி எழுதினார்.

தடை வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். வாடகைக்காரர் என்பதால் மேடத்துக்கு ஓட்டில்லை. என்னைத் தவிர எல்லாக் கைகளும் மேலே போயின. அவற்றில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு முட்டை பொரிக்கும் கைகளும் இருந்தன. பெயர் சொல்லமாட்டேன், வாசனை எனக்குத் தெரியும்.

பிறகு, காலி செய்யச் சொல்லுங்கள் என்று, மேடத்துக்கு வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு அடுக்கடுக்காக ஃபோன் போனது. மேடம் காலி செய்துவிட்டு அனகாபுத்தூரில் ஒரு சந்துக்குள் போனார், மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்கும் வீடு. வழக்குப் போடலாமே என்று கேட்டேன். "போட்டா ஜெயிப்பேன் சார். ஜெயிச்சுட்டு தினம் இவங்க மூஞ்சியில முழிக்கணுமே" என்றார். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது வழியனுப்ப ஒருவர்கூடக் கீழே இறங்கவில்லை. ஜன்னல் திரைகள் மட்டும் அசைந்தன.

இப்போது நம் கேட்டில் பேனர் தொங்குகிறது: 'எங்கள் குடும்பத்தில் ஒருவரை இழந்து வாடுகிறோம்.' இழக்கவில்லை ஐயா, துரத்தினீர்கள். அந்த வரி மேடத்தின் மேசைக்கு வந்திருந்தால் அடித்துத் திருத்தியிருப்பார்.

மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது மன்னிக்கும் குணம் அல்ல. அது அவரிடமும் இருந்ததாக எனக்குத் தெரியாது. ஒன்றை அதற்குரிய பெயரால் சொல்லும் பழக்கத்தை எடுத்துக்கொண்டேன். ஆகவே நான் செய்யப்போவதற்குப் பெயர் பழிவாங்கல். நல்லிணக்க முயற்சி என்றெல்லாம் பூசி மெழுக மாட்டேன்.

அடுத்த மாதம் நான் காட்டாங்குளத்தூருக்கு, மகள் வீட்டுக்கு அருகில் குடிபோகிறேன். இங்குள்ள வீடு என் சொந்த வீடு, எனக்கு ஃபோன் போட்டு மிரட்ட முடியாது. அதை மேடத்தின் தங்கைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். கோவளம் கரையில் ஏலம் எடுத்து மீன் விற்பவர், குடும்பத்தோடு வருகிறார். என் சமையலறை ஜன்னலுக்கு நேர் மேலேதான் செயலாளர் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் பால்கனி. ஞாயிறு காலையில் கருவாடு வறுபடும். ஏதாவது சொல்ல வேண்டுமானால் கீழே இறங்கிவந்து அந்த அம்மாவிடமே சொல்லுங்கள் சார். அக்காவின் பொறுமை தங்கைக்குக் கிடையாது.